தவமணி வீட்டில் சிவப்பு இல்லை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. அதுவும் பாதியில் அம்மா மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டாள். அதனால் முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், பின்னே சொல்ல வேண்டியதை மறந்தே போவேன். நீங்கள் ஆபீஸ் ஆள். நான் ஒன்று சொல்லி, நீங்கள் ஒன்று புரிந்துகொண்டு, மேலே போய் அது வேறொன்றாக ஆகிவிட்டால் என் வீடு போய்விடும். அதனால் நிதானமாகக் கேளுங்கள். இந்தப் பூவரசு நிழலிலேயே உட்காருங்கள். உள்ளே எல்லாம் மணல். தண்ணீர் குடியுங்கள். லேசாக உப்புக் கரிக்கும். இந்த வருஷம்தான் இப்படி.

வண்டியை விட்டு இறங்கியதும் நீங்கள் என்ன கேட்டீர்கள்? "போன வருஷம் இங்க இருந்த மரமெல்லாம் எங்கம்மா? படத்துல காணோமே" என்று கேட்டீர்கள். படத்தில் காணோம் என்றால் பார்த்திருக்கிறது. மேலேயிருந்து அந்தச் சாட்டிலைட் நிஜமாகவே பார்த்திருக்கிறது. என் நாத்தனார் இந்திராணி இதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது பார்த்து அவள் ஊரில் இல்லை.

ஆமாம் தம்பி, மரம் இல்லை. சவுக்கு இல்லை, தாழை இல்லை, அடம்பங்கொடிகூட இல்லை. பின்னால் போய் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மணல், அப்புறம் கடல், நடுவில் ஒன்றும் கிடையாது. அதை அப்படியே மேலே சொல்லுங்கள். தவமணி வீட்டில் சிவப்பு இல்லை என்று சொல்லுங்கள். அது போதும் எனக்கு.

ஏன் எடுத்தேன் என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா? சரி, என் வாயால் வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். சொல்கிறேன்.

போன வருஷம் மாசியில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து தர்ஷினி என்று ஒரு பெண் இறங்கினாள். உங்கள் ஆபீஸ்தானே? தெரியுமா? நல்ல பெண். அதை நான் மறைக்க மாட்டேன். தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் கருகிப்போய் வந்தாள். வந்ததும் வராததுமாக என்னை "அக்கா" என்றாள். கூட ஒரு ஆள் டேப் வைத்துச் சவுக்கு மரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தான். அவள் ஒவ்வொரு செடியாகக் காட்டி, இதற்கு இங்கே என்ன பெயர், அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். தாழம்பூ ஒன்று பறித்துக் கொடுத்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்தக் கரை முழுக்க நடந்து வர்றேன். ஒங்க வீட்டுப் பின்னாடி மாதிரி எங்கயுமே இல்ல" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. பொய் சொல்ல மாட்டேன். பெரிய அலை வந்துபோன பிறகு வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து வீட்டுக்கு வீடு சவுக்குக் கன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் கன்றையெல்லாம் ஆடு தின்றது. நான் அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஊற்றினேன். இந்திராணி கேலி செய்வாள். "என்ன அண்ணி, ஒன் காட்டுல சிங்கம் எப்ப வரும்? சொல்லு, டிக்கெட் போட்டுப் பாக்க வர்றேன்" என்பாள். அந்தக் காடுதான்.

அப்புறம் அந்தப் பெண் ஒரு பெரிய படத்தை விரித்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில், நாலு மூலைக்கும் கல் வைத்து விரித்தாள். "இது நம்ம ஊரு அக்கா. மேலேருந்து சாட்டிலைட் எடுத்தது."

எனக்குத் தெரிந்த படம் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த இந்தியா படம் ஒன்றுதான். இதில் கடல் கறுப்பாக இருந்தது. மணல் வெள்ளையாக இருந்தது. வீடுகள் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தன. "ஒங்க வீடு இதுதான்" என்று விரல் வைத்தாள். பார்த்தேன். என் வீட்டுக்குப் பின்னால் மட்டும், தம்பி, வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி சிவப்பு. நல்ல சிவப்பு. ஊர் முழுக்க எங்கும் இல்லை. கோயில் பக்கம் ஒரு சொட்டு. மற்றபடி என் வீடு மட்டும்தான்.

"என்ன பாப்பா இது செவப்பு?" என்றேன்.

"அதான்க்கா ஒங்க மரம். செடியெல்லாம் இதுல செவப்பாத்தான் தெரியும். எவ்வளவு செவப்போ அவ்வளவு செழிப்பு. நல்லதுதான், பயப்படாதீங்க."

"பச்சையைப் பச்சைன்னே போட வேண்டியதுதானே?"

அவள் சிரித்தாள். நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ வெளிச்சம் இலையில் பட்டுத் திரும்புகிறதாம். அதை இந்தக் கேமரா பிடிக்கிறதாம். நமக்குப் புரிவதற்காக அதைச் சிவப்பாகப் போடுகிறார்களாம். இப்படிச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் என் காதில் அதெல்லாம் ஏறவில்லை. "நல்லதுதான், பயப்படாதீங்க" என்றாளே, அந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

ஏனென்றால், தம்பி, அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எங்கள் அம்மா வீடு மெயின் ரோட்டில் இருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஓட்டு வீடு. ஒரு நாள் இரண்டு பேர் வந்து சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, ஒரு நம்பர் எழுதினார்கள். அம்மா பதறிப்போய் என்ன என்று கேட்டாள். "சும்மா அளவுக்குத்தாம்மா. நல்லதுதான், ரோடு வந்தா ஒங்களுக்குத்தான் நல்லது. பயப்படாதீங்க" என்றார்கள். அவர்களும் நல்ல மாதிரிதான் பேசினார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தாள். ஆடியில் மெஷின் வந்தது. சிவப்புக் கோடு போட்ட வீடெல்லாம் போயிற்று, கோடு போடாத வீடெல்லாம் நின்றது. அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். தினம் விளக்கு வைக்கிற நேரம் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "கெளம்புறேன் தவமணி, வீட்ல போட்டது போட்டபடி கெடக்கு" என்பாள். சாகிற வரைக்கும் கிளம்பிக்கொண்டே இருந்தாள்.

வீடு போனவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். சிவப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் பாப்பா? என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம்க்கா. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருப்போம், அவ்ளோதான். கூடுதா கொறையுதான்னு."

"பாத்துக்கிட்டே இருப்பீங்கன்னா? தெனம் வருவீங்களா?"

"நாங்க வர வேண்டியதே இல்ல. மேலேருந்தே தெரிஞ்சிடும். காலையில பத்து மணி போல இந்தப் பக்கம் கடந்து போகும். தெனமும் இல்ல, சில நாள்தான். மேகம் இருந்தா மட்டும் படம் விழாது."

வர வேண்டியதே இல்லை. இதைவிட ஒரு பயங்கரமான பேச்சு உண்டா? வருகிறவனாக இருந்தால் வாசலில் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசலாம், மோர் கொடுக்கலாம், காலில் விழலாம். வராதவனிடம் என்ன செய்வது?

ஜீப் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் பெயர் கலியமூர்த்தி. உங்களுக்கு வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதுவும் தெரியாது, அவர் மேல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார்.

"போடி பைத்தியம். அந்த சாட்டிலைட்டுதான் எங்களுக்கு எந்தத் திக்குல மீனு கெடக்குன்னு சொல்லுது. போன்ல வருது பாரு. அது நமக்கு நல்லது செய்யிற சாமி."

"தண்ணிக்குள்ள இருக்கற மீனே தெரியுதா?"

"ஏதோ கணக்குப் போட்டுச் சொல்றான். சரியாத்தான் இருக்கு."

அவர் எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்தார். தண்ணீருக்குள் இருக்கிற மீனைப் பார்க்கிறவனுக்குக் கீற்றுக்குள் இருக்கிற நான் எம்மாத்திரம்? அன்றிலிருந்து கொல்லைக் கீற்று மறைப்பில் குளிப்பதை விட்டேன். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்குள் குளித்தேன். காலையில் பத்து மணி ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்வேன். வானம் வெளுத்திருந்தால் இன்னும் மோசம்.

முதலில் நான் மரத்தின் மேல் கை வைக்கவில்லை, தம்பி. அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் வீட்டில் இருந்த சிவப்பையெல்லாம் எடுத்தேன். சிவப்புக் குடத்தை இந்திராணிக்குக் கொடுத்தேன். மிளகாய் வற்றலை வெளியில் காயப்போடுவதை நிறுத்தினேன். தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அரக்கும் சிவப்புத்தானே? மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியுமா?

இந்திராணி குடத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எதுக்கு அண்ணி நல்ல கொடத்தைத் தூக்கித் தர்றே?"

சொன்னேன். அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பொண்ணு செடியைத்தானே செவப்புன்னு சொன்னிச்சு? ஒன் கொடத்தையா சொன்னிச்சு? செடிதான் செவப்புன்னா செடியை வெட்டிப்புடு. சாட்டிலைட்டு குருடாப் போயிட்டுப் போவுது!"

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் கேலி செய்கிறவர்கள் வாயில்தான் சில நேரம் சரியான வார்த்தை வந்துவிடுகிறது. இவ்வளவு நாள் எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. செடிதான் சிவப்பு. செடி இல்லை என்றால் சிவப்பு இல்லை. சிவப்பு இல்லை என்றால் என் வீட்டின் மேல் கோடு இல்லை.

மேகத்துக்காகக் காத்திருந்தேன். வெயில் நாளில் வெட்டினால் வெட்டுகிற என்னையும் சேர்த்துப் படம் பிடித்துவிடுமே. ஐப்பசியில் வானம் மூடியது. கருவாடு காயப்போட்டிருந்தவர்கள் எல்லாம் மேகத்தைப் பார்த்துத் திட்டினார்கள். இந்தக் குப்பத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டவள் நான் ஒருத்திதான்.

முதலில் அடம்பங்கொடி. அது சுலபம், தம்பி. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால், பழைய சேலையில் தையல் பிரிக்கிற மாதிரி மணலை விட்டு டர்ரென்று பிரிந்து வரும். ஊதாப்பூவோடு சுருட்டிச் சுருட்டிக் குவித்தேன். இழுத்த இடத்திலெல்லாம் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் தாழை. கையெல்லாம் கீறல், பாருங்கள், தழும்பு இன்னும் போகவில்லை. சவுக்கு என்னால் ஆகாது. சவுக்குக் கட்டை வாங்குகிற ஆளை வரச் சொன்னேன். "மேகம் இருக்கற நாள்ல மட்டும் வாப்பா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "மழை வந்தா லாரி மணல்ல சிக்கும் ஆத்தா. வெயில்ல வர்றேனே?" என்றான். முடியவே முடியாது என்றேன். மேகம் மூடின மூன்று நாளில் மெஷின் வாள் வைத்து எல்லாவற்றையும் அறுத்து எடுத்துக்கொண்டு போனான். கடைசி மரம் விழுந்தபோது அழுகை வந்தது. நான் ஊற்றின தண்ணீர்தானே அது. ஆனால் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அழுகை நின்றுவிட்டது.

ஒரு வாரமாகக் கடலிலேயே தங்கியிருந்த எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவர் என்னைத் திட்டுவார், அடிக்கவும் கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவரோ வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கடல் சத்தம் இப்படிக் கேக்குதே" என்றார். வயசாகிறது அல்லவா? இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம் அவருக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

இப்போது நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். கார்த்திகையில் தண்ணீர் வந்ததே, அதைத்தானே கேட்கிறீர்கள்? எல்லாரும் அதையே கேட்கிறார்கள். அது புயல்கூட இல்லை, தம்பி. டிவியில் வெறும் தாழ்வு என்றுதான் சொன்னார்கள். நான் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பின்கதவு தானாகத் திறந்தது. யாரோ வருகிறார்கள் என்று திரும்பினால் தண்ணீர் வருகிறது. இட்லிக் குண்டான் மிதந்துகொண்டு என்னைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. கக்கூஸ் சரிந்தது. கிணற்றுக்குள் கடல் இறங்கியது. அவர் ஓடிவந்து படகுக் கயிற்றை இந்தப் பூவரசில் கட்டினார். என்னையும் இந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றேன். காலுக்குக் கீழே மணல் ஓடுகிறது, மரம் மட்டும் அசையவில்லை. கயிறு இறுகின தடம் பட்டையில் இன்னும் இருக்கிறது, உங்கள் தலைக்குப் பின்னால். தண்ணீர் வடிந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

இந்திராணி வீட்டுக்கு வரவில்லையா என்கிறீர்கள். வந்தது, கொஞ்சம். எங்களுக்குத்தான் அதிகம். அவள் இப்போது மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அண்ணி, மரத்தை வெட்டினியே, அதான்" என்றாள். வெட்டச் சொன்னவளே அவள்தான், பாருங்கள்! இதுதான் அவள் குணம்.

எனக்குக் காரணம் தெரியும். திருஷ்டி. ஒரு வருஷமாக மேலேயிருந்து ஒருவன் வைத்த கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் வீடு என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரி ஒரு பார்வை பார்த்தாலே பால் திரிகிறது. அதனால் ஒரு திருஷ்டி பொம்மை வாங்கினேன். எல்லாரும் வாசலில் மாட்டுவார்கள். வாசலில் மாட்டி எனக்கு என்ன பிரயோஜனம்? அவரை ஏறச் சொல்லிக் கூரைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டினேன். கண்ணை உருட்டிக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. உங்கள் படத்தில் விழுந்திருக்கும். விழவில்லையா? அவ்வளவு சின்னது தெரியாதா? சிரிக்காதீர்கள், தம்பி.

இவ்வளவுதான் நடந்தது. முன்னே பின்னே இருந்தாலும் பொய் எதுவும் இல்லை. இப்போது புதுப் படம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பலகையில்? காட்டுங்கள். எனக்கு அதைப் பார்த்தால்தான் உயிர் வரும்.

இதுவா? இது கோயில். இது எங்கள் தெரு. இருங்கள், இதுதான் என் வீடு. வெள்ளை. அப்பாடா. சாமி! எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. பார்த்தீர்களா? ஒரு பொட்டுச் சிவப்பு உண்டா?

என்ன சொல்கிறீர்கள்? இந்தக் கறுப்பா? கடல்தானே அது. போன வருஷம் அங்கே இருந்தது, இந்த வருஷம் இங்கே வந்துவிட்டது என்கிறீர்கள். பின்சுவருக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது, வெளியேறத்தான் வேண்டியிருக்கும் என்கிறீர்கள். கடல் இருக்கட்டும், தம்பி. கடல் வரும், போகும். அது சுவரில் கோடு போடாது, மெஷின் கொண்டுவராது. கடலோடு நான் பிறந்ததிலிருந்து இருக்கிறேன். நான் பயப்படுவது கடலுக்கு இல்லை.

மரம் இருந்திருந்தால் நல்லதா? திரும்ப நட வேண்டும் என்கிறீர்களா? உங்களுக்கு என் அம்மா வயிற்றுப் பிள்ளை மாதிரி முகம். அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். அந்தப் பெண்ணும் நல்லது என்றாள். ரோட்டுக்காரர்களும் நல்லது என்றார்கள். நீங்களும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். விரலை வைத்து விரிப்பீர்களே, அப்படி. இன்னும். அதோ, வீட்டுக்கு முன்னால். அது என்ன, தம்பி?

இல்லை, எனக்குத் தெரிகிறது. சின்னதாக, குங்குமம் வைத்த மாதிரி. நல்ல சிவப்பு.

இந்தப் பூவரசா?

நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதுவா?

ஐயோ, இதை நான் நினைக்கவே இல்லையே. பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இவ்வளவு நாளும் இது வாசலிலேயே நின்று என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வேண்டாம், நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள். கோடாலி கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எழுந்திருங்கள், தம்பி. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், சாயும்போது உங்கள் மேல் விழுந்துவிடக் கூடாது. வானத்தைப் பாருங்கள், நல்ல மேகம். கலைவதற்குள் முடித்துவிடுகிறேன்.